எண் சுற்றி வருமுன் எச்சரிக்கை



விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்த காலத்தை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். செக்ரோலில் கோடு விழுந்தால்தான் அன்றைய கூலி. கிராணியார் கோடு போட மறந்துவிட்டால், நாள் முழுவதும் மழையில் நனைந்து வேலை செய்தது உண்மையாக இருந்தாலும், சம்பள நாளில் கை வெறுமையாகத்தான் திரும்பும். ஏட்டில் எழுதியது அழியாமல் இருக்க வேண்டும் என்பதன் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்நாளில் அந்த ஏடுகளெல்லாம் கணினிக்குள் போய்விட்டன. வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, கடையின் சரக்குக் கணக்கு எதுவானாலும் கணினியின் பேரேட்டில்தான் இருக்கிறது. அந்தப் பேரேட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. வரம்பு நெருங்கும்போது அது எச்சரிக்கையும் செய்யும். அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

இந்தப் பேச்சுக்குக் காரணமானவர் நம் தோட்டத்துப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை. பட்டணத்தில் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறார். தீபாவளி விடுமுறைக்கு வந்தவர் நம்மிடம் இப்படிச் சொன்னார்: "சார், எங்கள் கணினி சில நாளாக ஒரே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. வேலைதான் ஓடுகிறதே என்று யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் புதியவன், சொன்னால் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் புதுக்கணக்கு எழுதுவது அப்படியே நின்றுவிட்டது."

அந்த எச்சரிக்கை என்னதான் சொன்னது என்று கேட்டோம். "இன்னும் இத்தனை பரிவர்த்தனைகளுக்குள் இந்தத் தரவுத்தளத்தைத் துப்புரவு செய்தாக வேண்டும்" என்பதே அதன் பொருள். பரிவர்த்தனை என்றால் என்ன? துப்புரவு என்றால் என்ன? ஏன் ஒரு கணக்குக்குள் செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தரவுத்தளம் என்பது ஒரு பெரிய பேரேடு. அதற்குள் பல அட்டவணைகள். ஒவ்வோர் அட்டவணையிலும் வரி வரியாகச் செய்திகள். ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சம்பளத்துக்கு ஓர் அட்டவணை என்று வைத்து, ஒன்றோடு ஒன்றை உறவுபடுத்தி வேண்டியதைத் தேடி எடுக்கலாம். இப்படிப்பட்ட பேரேட்டை நடத்தும் மென்பொருள்கள் பல உண்டு. இன்று நாம் எடுத்துக்கொள்வது போஸ்ட்கிரெஸ்கியூஎல். சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்பார்கள். அமெரிக்காவில் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வழியில் வந்தது. 1996-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. யானைத்தலை இதன் சின்னம். விலை கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆகவே உலகெங்கும் பெரிய நிறுவனங்களும் சிறிய கடைகளும் இதை வைத்திருக்கின்றன.

அடுத்துப் பரிவர்த்தனை. பட்டணத்தில் உள்ள மகன் தோட்டத்தில் உள்ள அம்மாவுக்கு 100 ரிங்கிட் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். மகன் கணக்கில் 100 கழிய வேண்டும். அம்மா கணக்கில் 100 கூட வேண்டும். கழிந்த பிறகு மின்சாரம் போய், கூட்டுவதற்குள் கணினி நின்றுவிட்டால்? பணம் அந்தரத்தில் போய்விடும். ஆகவே இரண்டையும் சேர்த்து ஒரே வேலையாகக் கட்டிவிடுகிறார்கள். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும். இல்லையேல் இரண்டும் நடக்கக்கூடாது. இந்தக் கட்டுத்தான் பரிவர்த்தனை.

பேரேட்டில் எழுதும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசை எண் கொடுக்கிறது. அந்தப் பரிவர்த்தனை எழுதிய வரிகளின் மேல் அந்த எண்ணைக் குத்தி வைக்கிறது. வெறுமே படித்துப் பார்க்கும் வேலைக்கு எண் செலவாகாது, எழுதினால்தான் செலவு.

எண் எதற்காக? ஒருவர் பேரேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே, இன்னொருவர் அதில் எழுதிக்கொண்டிருக்கலாம். பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படித்தால் கூட்டல் தப்பாகும் அல்லவா? ஆகவே படிப்பவருக்குக் கணினி ஒரு விதி வைக்கிறது: 'நீ படிக்கத் தொடங்குமுன் எழுதி முடிந்தவை மட்டும் உன் கண்ணுக்குத் தெரியும், அதற்குப் பின் வந்தவை தெரியா.' எது முன், எது பின் என்று முடிவு செய்வதற்கு வரியின் மேல் உள்ள எண் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்தான் ஒரு வரியைக் காட்டுகிறது, எண்தான் மறைக்கிறது.

அந்த எண்ணை எழுதக் கணினி ஒதுக்கியிருக்கும் இடம் சிறியது. கணினி 0, 1 என்ற இரண்டு குறிகளால் எழுதுவது நாம் அறிந்ததே. இந்த வரிசை எண்ணுக்கு 32 இடங்கள். 32 இடங்களில் எழுதக்கூடிய எண்கள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் கணினிக்கு இது ஆயுள் முழுவதற்கும் போதுமான கணக்கல்ல. எண்கள் தீர்ந்ததும், மோட்டார் சைக்கிளின் மைல் காட்டும் கருவி கடைசி எண்ணைத் தாண்டிப் பூச்சியத்துக்கு வருவதுபோல, மறுபடி தொடக்கத்துக்கே வந்துவிடும்.

2002-க்கு முன்பு இது பெரிய தொல்லை. எண்கள் தீருமுன் பேரேடு முழுவதையும் இறக்கி, புதிதாக அமைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். 2002-இல் வந்த 7.2 என்ற பதிப்பில் எண்களை ஒரு வட்டமாக்கினார்கள். வட்டத்துக்கு முடிவில்லை. ஆனால் வட்டத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்போம்.

காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து கொடுத்த தாய், சுவரில் '10' என்று மணியை மட்டும் குறித்து வைக்கிறாள். காலையா மாலையா என்று எழுதவில்லை, தேதியும் இல்லை. இப்போது மணி 3. அந்த 10 கடந்துபோனதா, இனி வரப்போவதா? எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். 3-லிருந்து பின்னோக்கி எண்ணினால் 10 ஐந்து மணி தூரம். முன்னோக்கி எண்ணினால் ஏழு மணி தூரம். பின்பக்கம் கிட்டம். ஆகவே மருந்து கொடுத்தாகிவிட்டது. விடை சரி.

இரண்டு மணி நேரம் போகட்டும். மணி 5. அதே விதியைப் போடுங்கள். பின்னோக்கி ஏழு மணி, முன்னோக்கி ஐந்து மணி. முன்பக்கம் கிட்டம். ஆகவே '10 இனிமேல்தான் வரப்போகிறது' என்று விதி சொல்கிறது. கொடுத்த மருந்து கொடுக்காததாகிவிட்டது. சுவரில் எழுதியது அழியவில்லை. எழுத்து அப்படியே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் முறையில் பொருள் தலைகீழாகிவிட்டது.

போஸ்ட்கிரெஸ் பேரேட்டிலும் இதே கதைதான். எந்த எண்ணில் நின்று பார்த்தாலும் வட்டத்தில் பாதி, அதாவது சுமார் 214 கோடி எண்கள், கடந்த காலம். மறு பாதி எதிர்காலம். ஒரு வரியை எழுதி 214 கோடிப் பரிவர்த்தனைகளுக்கு மேல் ஆகிவிட்டால், அந்தப் பழைய வரி 'இனி எழுதப்போவது' என்ற பக்கத்துக்கு வந்துவிடும். எதிர்காலத்து வரியை யாருக்கும் காட்டக்கூடாது என்பது விதி. ஆகவே பாட்டன் காலத்துப் பதிவு தட்டில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இதற்கு மருந்து என்ன? தாய் என்ன செய்திருக்கலாம்? ஆறு மணி நேரம் ஆகுமுன் அந்த '10'-இன் பக்கத்தில் 'கொடுத்தாகிவிட்டது' என்று எழுதியிருந்தால் போதும். பிறகு மணி எதுவானாலும் குழப்பமில்லை. போஸ்ட்கிரெஸும் இதையே செய்கிறது. நாட்பட்ட வரிகளைத் தேடிப் பிடித்து, 'இது எல்லாருக்கும் பழையது' என்று அடையாளம் வைக்கிறது. இதை உறையவைத்தல் என்பார்கள். உறைந்த வரிக்கு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இல்லை.

உறையவைக்கும் வேலையைச் செய்வது வேக்குவம் என்ற கட்டளை. வீட்டைத் துப்புரவாக்கும் உறிஞ்சுபொறியின் பெயர்தான். வேண்டாத பழைய வரிகளின் இடத்தை மீட்பதும் அதன் வேலை. வேண்டிய பழைய வரிகளை உறையவைப்பதும் அதன் வேலை. இதைத் தானாகச் செய்ய ஆட்டோவேக்குவம் என்ற காவலாளி உள்ளேயே இருக்கிறார். 2008-இல் வந்த 8.3 பதிப்பு முதல் இவர் கேட்காமலே வேலைக்கு வந்துவிடுகிறார். ஓர் அட்டவணையின் உறையாத பழைய எண்ணின் வயது 20 கோடியைத் தாண்டினால், அந்த அட்டவணையைத் துப்புரவு செய்ய இவரே கிளம்பிவிடுவார். இவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தாலும் இந்த ஒரு வேலைக்கு வந்துவிடுவார். 20 கோடி என்பது முதலில் அமைத்துக் கொடுத்த அளவு, விரும்பினால் மாற்றலாம்.

இவ்வளவு காவல் இருந்தும் வேலை எப்படி நிற்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். காவலாளி நல்லவர்தான், ஆனால் அவர் வழியில் சில தடைகள் வந்துவிடுகின்றன.

முதல் தடை, முடிக்காமல் விட்ட பரிவர்த்தனை. ஒருவர் பேரேட்டைத் திறந்து ஒரு வேலையைத் தொடங்கி, முடிக்காமல் மேசையை விட்டு எழுந்து போய்விடுகிறார். அவருக்குத் தேவைப்படலாமே என்று, அவர் தொடங்கிய பின் வந்த வரிகள் எதையும் உறையவைக்க முடிவதில்லை. இரண்டாம் தடை, முதற்கட்டம் முடித்துத் தயார் என்று வைத்துவிட்டு, உறுதி செய்யாமலும் ஒதுக்காமலும் மறந்துபோன பரிவர்த்தனை. இது கணினியை மூடித் திறந்தாலும் போகாது. மூன்றாம் தடை, நகல் எடுக்கும் இன்னொரு கணினிக்காக வைத்த அடையாளம். அந்தக் கணினியை எப்போதோ எடுத்துப் போயிருப்பார்கள். அதற்காக வைத்த அடையாளம் மட்டும் காத்துக்கொண்டே இருக்கும். நான்காவது, வேலை மிகுதி. எழுதும் வேகத்துக்குத் துப்புரவு ஈடுகொடுக்காமல் பின்தங்கிவிடும்.

பேர்போன நிறுவனங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. மென்பொருள் பிழைகளைச் சேகரித்துத் தரும் சென்ட்ரி என்ற நிறுவனம் 2015 ஜூலை 20-ஆம் நாள், அமெரிக்க வேலை நேரத்தின் பெரும்பகுதி நின்றுபோனது. மெயில்சிம்ப் நிறுவனத்தின் மாண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவை 2019 பிப்ரவரி 4-ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 40 மணி நேரம் தடுமாறியது. அவர்கள் பேரேட்டை ஐந்து பங்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு பங்கு வரம்பைத் தொட்டுவிட்டது. இரண்டு நிறுவனங்களும் தங்கள் தவற்றை மறைக்காமல் ஊரறிய எழுதி வைத்ததால்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள முடிந்தது.

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பில் வைத்த கணக்கு இது. வரம்புக்கு இன்னும் 4 கோடி எண்கள் இருக்கும்போது எச்சரிக்கை தொடங்கும். 30 இலட்சத்துக்குக் கீழே போனதும் புதிய எண் கொடுப்பதையே நிறுத்திவிடும். அதற்கு முந்திய பதிப்புகளில் எச்சரிக்கை இன்னும் பிந்தியே வந்தது. 4 கோடியிலிருந்து 30 இலட்சம்வரை எவ்வளவு அவகாசம்? கணக்குப் போடுவோம். நொடிக்கு 100 பரிவர்த்தனை எழுதும் இடத்தில் நான்கு நாளுக்குச் சற்று மேல். நொடிக்கு 1,000 எழுதும் இடத்தில் பத்தேகால் மணி நேரந்தான். மாலையில் எச்சரிக்கை வந்தால் மறுநாள் காலை கடை திறக்குமுன் நின்றுவிடும். நம் பிள்ளையின் கம்பெனியில் மெதுவாக எழுதினார்கள். ஆகவே சில நாள் கிடைத்தது. கிடைத்த நாளை வீணாக்கிவிட்டார்கள்.

நிற்பது கணினியின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன மருந்துக் கதையை நினைத்துப் பாருங்கள். நிற்காமல் எழுதிக்கொண்டே போயிருந்தால் பழைய பதிவுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும். எழுதியதைக் காப்பதற்காகவே புதிதாக எழுதுவதை நிறுத்துகிறது. அப்போதும் படிக்கலாம், உள்ளது உள்ளபடி இருக்கும். எழுதத்தான் முடியாது.

வீட்டில் கணினி வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால், இனிச் சொல்வதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை வந்தால் முதலில் தடையைத் தேட வேண்டும். தடை இருக்கும்போது துப்புரவுக் கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் பயனில்லை. பிஜி ஸ்டேட் ஆக்டிவிட்டி என்ற பட்டியலில் நெடுநேரமாகத் திறந்து கிடக்கும் பரிவர்த்தனையைக் காணலாம். உரியவரிடம் கேட்டு முடிக்க வேண்டும், இல்லையேல் துண்டிக்க வேண்டும். பிஜி பிரிப்பேர்ட் எக்ஸாக்ட்ஸ் என்ற பட்டியலில் தயாராக வைத்து மறந்தவை இருக்கும். உறுதி செய்யவோ ஒதுக்கவோ வேண்டும். பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் என்ற பட்டியலில் நகல் கணினிக்கான அடையாளங்கள் இருக்கும். ஆளில்லாத அடையாளத்தை நீக்க வேண்டும்.

தடை நீங்கிய பிறகு, எச்சரிக்கை குறிப்பிட்ட அந்தத் தரவுத்தளத்துக்குள் போய், முழு அதிகாரம் உள்ள பயனர் வேக்குவம் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதிகாரம் குறைந்தவர் கொடுத்தால் சில அட்டவணைகள் விடுபட்டுப்போகும். தானாக ஓடும் துப்புரவு மற்ற வேலைக்கு இடையூறு வராதபடி மெல்ல ஓடும். கையால் கொடுப்பது முதலில் அமைந்தபடி முழு வேகத்தில் ஓடும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. வேக்குவம் ஃபுல் என்ற கட்டளை வேண்டாம். பெயரைக் கேட்டால் முழுத் துப்புரவு என்று தோன்றும்; ஆனால் அதற்கே ஒரு புதிய எண் வேண்டும், எண் இல்லாத நேரத்தில் அது ஓடாது. வேக்குவம் ஃப்ரீஸ் என்பதும் வேண்டாம். அவசர நேரத்தில் தேவைக்கு மேல் வேலை செய்து தாமதமாக்கும். பேரேட்டை மூடி, தனியாள் முறை என்ற வழியில் திறக்க வேண்டும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். இப்போது அதற்கு அவசியமில்லை. வேலை நின்றிருக்கும் நேரந்தான் நீளும்.

எல்லாவற்றுக்கும் மேலானது வருமுன் காப்பது. பிஜி டேட்டாபேஸ் என்ற பட்டியலில் ஒவ்வொரு தரவுத்தளத்தின் உறையாத எண்ணுக்கு எவ்வளவு வயதாயிற்று என்று கேட்டுப் பார்க்கலாம். நாளுக்கொரு முறை பார்த்துச் சுவரில் குறித்தாலே போதும். 20 கோடியைச் சுற்றி ஏறி இறங்கினால் காவலாளி வேலை செய்கிறார் என்று பொருள். 50 கோடி, 60 கோடி என்று இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் வழியில் ஏதோ தடை இருக்கிறது. அப்போதே தேடினால் போதிய அவகாசம் இருக்கும். வயது 160 கோடியைத் தாண்டும்போது, 14-ஆம் பதிப்பு முதல் துப்புரவு மற்றச் சில்லறை வேலைகளை விட்டுவிட்டு, உறையவைப்பதை மட்டும் வேகமாகச் செய்யத் தொடங்கும். அது கடைசிக் காப்பு. கடைசிக் காப்பை நம்பி முதற்காப்பை விடுவது அறிவுடைமையாகாது.

நேயர்களே, கூரையில் ஒரு துளி ஒழுகும்போதே ஓட்டை அடைக்க வேண்டும் என்பது லயத்தில் வாழ்ந்த நமக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் ஒழுகுவதைக் கண்ட கண் ஒன்று இருந்தது. அது நம் தோட்டத்துப் பிள்ளையின் கண். ஆனால் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் பேசாதே என்று வளர்த்தோம். அது மரியாதைக்குச் சொன்னது. கண்ட ஆபத்தைச் சொல்லாமல் இருப்பது மரியாதையல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறை அவருடையது மட்டுமன்று. ஆசிரியர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு.

அன்று நடுப்பகலுக்குள் தடையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மாதக்கணக்காக யாரோ திறந்து விட்டுப்போன ஒரே ஒரு பரிவர்த்தனை. அதை முடித்து, துப்புரவு செய்து, இரவுக்குள் வேலை மீண்டும் ஓடியது. ஒரு வரிகூடத் தொலையவில்லை. இப்போது அந்த வயதைத் தினமும் பார்த்துக் குறிக்கும் பொறுப்பு நம் பிள்ளையிடம் இருக்கிறது. "இனிமேல் சொல்லிவிடுவேன், சார்" என்றார். நமக்கு அதுவே போதும்.

எண்ணுக்கு வரம்பு உண்டு. பழையதை உரிய காலத்தில் உறையவைத்தால் வரம்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்தால் தடையைத் தேடு. பிறகு துப்புரவு செய். கண்டதை வாய்விட்டுச் சொல். இன்றைய பேச்சில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை இவையே.